நாய் வேண்டாம் என்ற எலும்பு

அப்பாவின் கழுத்துக்குள் வைக்கப் போகிற எலும்பை எங்கள் தெரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது. அதனால் ஆபரேஷன் தள்ளிப்போனது. மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா மாட்டுத் தரகர். திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், அவர் பார்வையில் நான் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற ஆள்தான். மாடு பார்க்கத் தெரியாதவர்களை அவர் படித்தவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலை அமுக்குகிறார்கள் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும், அந்த முகத்திலோ ஒன்றும் தெரியாது. அப்பா அந்த முகத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். குழம்பில் உப்பு இல்லாத அன்றும் அதே முகம், எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றும் அதே முகம்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு நாள் அவர் விலையைத் தப்பாகச் சொல்லிவிட்டார். மயிலைக் காளை ஜோடி ஒன்றைக் கொண்டுவந்திருந்த விவசாயி துண்டை உதறிவிட்டு, "ஏனுங்க, நான் மூணு வெரலைப் புடிச்சனுங்க. நீங்க ரெண்டுன்னு சொல்லி முடிக்கறீங்களே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா விடவில்லை. "ஒங்க கையில எண்ணெ. வழுக்குது. கையக் கழுவிட்டு வந்து வெல பேசுங்க" என்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டிலும் அதே பேச்சுதான். கொங்கு நாட்டுக்காரர்கள் எல்லோரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு திரிவதாகச் சொன்னார். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்!

அவருடைய சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுவதை அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர்த் தம்ளர் கையிலிருந்து நழுவுவதையும் பார்த்தேன். ஒரு கால் செருப்பு கழன்று ரோட்டிலேயே கிடக்க, அவர் பாட்டுக்கு நடந்து வீடு வந்து சேர்ந்தார். கேட்டதற்கு, "இப்ப வர்ற செருப்பெல்லாம் தரமில்ல" என்றார். செருப்பு, தம்ளர், பொத்தான், கொங்கு நாட்டு எண்ணெய் என்று உலகத்தில் எல்லாவற்றிலும் குறை இருந்தது, அவர் கையைத் தவிர.

இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாரம் ஒரு தடவை வந்துபோகும் நரம்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது.

"இத இப்படியே விட்டா கையோட நிக்காதும்மா, நடையும் போயிடும். ஒருதடவ போனது திரும்பி வரும்னு உறுதி சொல்ல முடியாது" என்றார்.

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, கெட்டுப்போன தட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கூடு ஒன்றை வைப்பார்களாம். கூட்டுக்குள் எலும்பு நிரப்பினால் மேலெலும்பும் கீழெலும்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்த எலும்பை அவருடைய இடுப்பிலிருந்தே எடுக்கலாம், ஆனால் அது இன்னொரு புண், கழுத்தைவிட அதிகமாக வலிக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. அதனால் எலும்புக்குப் பதிலாக வைக்கிற பொருள் நல்லது என்றார். "அதுல பல வகை இருக்கு. ஒரு வகைல மாட்டெலும்ப எடுத்து, நல்லாச் சுட்டு, சதை கொழுப்பெல்லாம் போக்கி..."

அதுவரை நாற்காலியில் சரிந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன மாடு?"

"ஐயா?"

"நாட்டு மாடா, சீமை மாடா? எந்தச் சந்தையில புடிச்சது? பல்லு எத்தன? சுழி பாத்தாகளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். இப்போது நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

டாக்டர் அவசரமாக, தான் வைக்கப் போவது மாடு இல்லை என்றார். அது தொழிற்சாலையில் செய்கிற பொருள், எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்து, கல் மாதிரி இருக்கும். அப்பா இன்னும் கலவரமானார். "செஞ்ச எலும்பா? அது அதவிட மோசமுல்ல. மாட்டுக்காச்சும் தாய் தகப்பன் உண்டு" என்றார்.

அந்த டாக்டர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள்தான் இப்படி வம்பில் மாட்டுகிறார்கள். நோயாளிகளுக்குக் காட்ட வைத்திருந்த, தேதி முடிந்துபோன சாம்பிள் துண்டு ஒன்றை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பாருங்க. அடுத்த வாரம் கொண்டு வந்தா போதும்" என்றார்.

பொரிகடலை அளவில், வெள்ளையாக, பொடிப்பொடி ஓட்டைகளோடு இருந்தது. வீட்டில் அதைப் பார்த்ததும் அம்மா எட்டப் போய் நின்றுகொண்டாள். மாடு இல்லை என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. "மாட்டெலும்ப உள்ள வெச்சுக்கிட்டு இவரு எப்பிடி மாட்டுப் பொங்கலுக்குப் பொங்க வெப்பாரு? தொழுவத்துல இவருக்கும் சேத்துல்ல மால போடணும்?" என்று என்னிடம் கேட்டாள். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவேதான் கவலைப்பட்டாள்.

அப்பா தன் சிநேகிதரை வரவழைத்தார். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர். மாடு உயிரோடு இருக்கும் வரை அப்பா பொறுப்பு, அதற்கப்புறம் அவர் பொறுப்பு என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், எனக்கு அவர் மாமா. பைக்கை நிறுத்தியதும் சலாம்கூடச் சொல்லாமல், "சாமானக் காட்டு" என்றார்.

மாமா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், காதோரம் வைத்து நகத்தால் தட்டினார். நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"மாமா! துப்புங்க!"

"செத்த நேரம் இரு தாயி." நாக்கை நீட்டியபடியே கையை விட்டார். துண்டு விழாமல் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "பாத்தியா மாப்ள, நாக்குல ஒட்டுது. நல்லாக் காஞ்ச எலும்புதான் இப்பிடி ஒட்டும். செஞ்சவன் தொழில் தெரிஞ்சவன்."

முதல் பரீட்சையில் எலும்பு தேறிவிட்டது. எனக்குக்கூட ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "நாய்கிட்டக் காட்டிப் பாத்துருவோம்" என்றார்.

எங்கள் தெரு நாய் எதையும் விட்டுவைக்காது. சோப்பு தின்னும். அம்மாவின் மஞ்சள் கிழங்கைத் தின்றிருக்கிறது. அது வந்து, முகர்ந்து, தும்மிவிட்டு, முருங்கை மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

சண்டை ஆரம்பித்தது. நாய் தொடவில்லை என்றால் அதில் சதையும் கிருமியும் இல்லை என்று அர்த்தம், சுத்தமான சாமான் என்றார் மாமா. நாய்கூடத் தின்னாத எலும்பைத் தன் கழுத்தில் எதற்கு வைக்க வேண்டும் என்றார் அப்பா. என்னைக் கேட்டிருந்தால் மாமா கட்சிதான். ஆனால் நாயின் கருத்தை வைத்து வாதாட எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. எறும்பு வருகிறதா பார்க்கலாம் என்று ராத்திரி முழுக்க அதைச் சுவர் மேல் வைத்தார்கள். எறும்பும் வரவில்லை. ஒருவர் வெற்றி என்றார், இன்னொருவர் தோல்வி என்றார்.

கடைசியில் சுத்தியல் வந்தது. ஒரே அடிதான், துண்டு பொடியாகிவிட்டது.

"பாத்தியா?" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது ஜெயித்த சந்தோஷமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒங்க கழுத்துல யாருப்பா சுத்தியல வெச்சு அடிக்கப் போறா?" என்று கத்தினேன்.

"ஏன், வத்தலக்குண்டு பஸ்ஸுல போறப்ப பிரேக்கு போட்டா?"

அம்மா அந்தப் பொடியைத் திருநீறு மடிக்கிற தாளில் பத்திரமாக மடித்துத் தந்தாள். நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு யாராவது சளி மருந்து கேட்டிருந்தால்கூட அடித்திருப்பேன். பயந்தால் எனக்கு அழத் தெரியாது, கோபம்தான் வரும்.

சரி, படித்தவள் பாணியில் நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். இந்த எலும்புச் சாமான்களைப் பற்றி டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளைச் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். சில வகை நன்றாக ஒட்டுகிறது என்றார்கள். எலும்பை வேகமாக வளரவைக்கும் ஒரு புரத மருந்தைக் கழுத்தின் முன்பக்கம் வைத்தால் தொண்டை வீங்கி மூச்சுக்கே ஆபத்தாகலாம் என்றார்கள். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் மேலும் ஆய்வு தேவை என்று முடிந்தது. அப்பாவிடம் ஒன்றை வாசித்து அர்த்தம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இவுகளும் தரகருகதான் போல. கடைசி வரைக்கும் வெலைய வாய விட்டுச் சொல்லல பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷர் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அதைக் கெடுத்துவிடுவார், அதுதான் பெரிய தொந்தரவு.

அந்த வாரமே வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் பஸ் ஏறப் போனவர் படியில் கால் வைத்ததாக நினைத்துக் காற்றில் வைத்து விழுந்தார். படி உயரம் என்றார். இனிமேல் படி, செருப்பு, எண்ணெய் எதையும் கேட்பதில்லை என்று நான் முடிவு செய்தேன். மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாமாவும் சாமான் விஷயத்தில் நிபுணர் என்ற முறையில் கூடவே வந்தார்.

திருநீறு மடிப்பை டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர் என்று சொன்னேனே.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு மாடு வாங்குறோம். முட்டுது, ஏருக்குப் படிய மாட்டேங்குதுன்னா அடுத்த சந்தையில ஓட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துரலாம். இத எப்பிடித் திருப்பி விடுறது?"

நான் டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"திருப்ப முடியாது ஐயா. எடுக்கணும்னா இன்னொரு ஆபரேஷன். எலும்போட ஒட்டிப் போச்சுன்னா அதுவும் கஷ்டம். சில பேருக்கு ஒட்டாமயே போகலாம். சில நாள் முழுங்கக் கஷ்டமா இருக்கும், தொண்ட கட்டும். சீழ் வைக்கலாம், அது அபூர்வம். தொண்டைய வீங்க வெக்கிற அந்தப் புரத மருந்த நான் கழுத்துல தொடுறதே இல்ல. இது பெரும்பாலும் நல்லா ஒட்டிடும்."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும்னா... பெரும்பாலும்தான் ஐயா."

"வெளிய எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக." அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்தார். என்ன நடக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. "வாயால சொன்னா இந்தப் பிள்ள பயப்படும். வெரல்ல சொல்லுங்க. அஞ்சு பேருக்கு இத வெச்சா எத்தன பேருக்குக் கோளாறாகும்? நமக்குள்ள இருக்கட்டும்."

டாக்டர் மறுபடியும் என்னைப் பார்த்தார். மாமா, தொழுகைக்கு நிற்கிறவர் போலக் கைகட்டி நின்றார். டாக்டரின் கை மெதுவாகத் துண்டுக்குள் போனது. வெளியே நர்ஸ் யாருடைய பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். வழக்கம்போல அதில் ஒன்றும் இல்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அப்பா கையை வெளியே எடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெல படிஞ்சிருச்சு. நாள் குறிங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தன மாப்ள?" அப்பா சுண்டு விரலை மட்டும் நீட்டி, அதிலும் நுனியைக் காட்டினார். "முழு வெரல்கூட இல்ல. நுனிய லேசா ஒரு அமுக்கு." மாமா அல்ஹம்துலில்லாஹ் என்று வானத்தைப் பார்த்தார். எனக்கும் மனசு லேசானது. மருந்தாளுநர் படிப்பு படித்த நான், அத்தனை கட்டுரை படித்த நான், ஒரு சுண்டு விரல் நுனியை நம்பி நிம்மதியாகத் தூங்கினேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஆபரேஷன் மதுரையில் நடந்தது. அம்மா தாடிக்கொம்புப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். மாமா ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. முடிந்து வந்த பிறகு அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. கஞ்சியைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்கினார். நானோ, வீக்கம் வைத்துவிட்டதோ என்று செல்போன் கட்டுரைகளையெல்லாம் நினைத்துக்கொண்டு நர்ஸை நச்சரித்தேன். அம்மா மட்டும் அந்த நாட்களில் மிகவும் நிம்மதியாக இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பேச நினைத்ததையெல்லாம் அப்போதுதான் குறுக்கீடு இல்லாமல் பேசினாள் என்று நினைக்கிறேன். குரல் திரும்பியதும் அப்பா முதலில் கேட்டது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்றுதான்.

கழுத்துப் பட்டை கழன்றதும் சந்தைக்குப் போனார். ஆறு மாதத்தில் ஒட்டன்சத்திரம் முதல் வத்தலக்குண்டு வரை எல்லாத் தரகர்களுக்கும் டாக்டரின் சுண்டு விரல் கதை தெரிந்துவிட்டது. கழுத்து வலி, இடுப்பு வலி என்று ஆட்கள் தோளில் துண்டோடு அந்த டாக்டரிடம் வர ஆரம்பித்தார்கள்.

இதை டாக்டரே என்னிடம் சொன்னார். அப்பாவை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டு நான் மட்டும் அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய படத்தில் எலும்பு நன்றாகப் பிடித்து வருகிறது, இன்னும் சில வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பிறகு தயங்கினார்.

"அன்னைக்கு நான் எதையும் அமுக்கலம்மா. அஞ்சுக்கு எத்தனன்னு அவர் கழுத்துக்குச் சொல்ற மாதிரி ஒரு நம்பர் எங்கிட்ட இல்ல. தப்பா ஒரு விரல் அமுக்கிட்டா பொய்யாயிடுமேன்னு கைய அசைக்காமயே வெச்சிருந்தேன். அவரா கைய எடுத்துக்கிட்டு சரின்னுட்டார்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா ஊரையே ஏமாற்றியிருக்கிறார், என்னையும் சேர்த்து. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தவரிடம், "டாக்டர் அன்னைக்கு எத்தன வெரல அமுக்குனாரு?" என்றேன்.

"அதான் சொன்னேன்ல. சுண்டு வெரலு நுனி."

"அவரு கைய அசைக்கவே இல்லையாம்."

பொரி வாய்க்குப் போகாமல் நின்றது. எந்தச் சந்தையிலும் கலையாத அந்த முகம் என் கண் முன்னால் கலைந்தது.

"அசைக்கவே இல்லையா? ஒரு வெரலக்கூடவா?"

"ஒண்ணக்கூட."

"அடப்பாவி மனுசா. வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல." என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனக்கு ஒண்ணுமே தட்டுப்படல தாயி. ஒரு வெரலா அஞ்சு வெரலான்னு தெரியல. கை அம்புட்டுத்தான், செத்துப்போச்சுன்னு நெனச்சேன். சரி, அஞ்சையும் அமுக்கிட்டாருன்னே வெச்சுக்குவோம்னுதான் நாள் குறிக்கச் சொன்னேன்."

"அஞ்சுக்கு அஞ்சும் போகும்னு நெனச்சுக்கிட்டா கழுத்த நீட்டுனீக?" என் சத்தத்தில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பிடி என்னப்பா அவசரம்? நாய்கிட்ட கேட்டீக, எறும்புகிட்ட கேட்டீக!"

அவர் மடியிலிருந்த பொரியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு டாக்டரப் பாக்கப் போறப்ப ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல ரோட்டத் தாண்டுனோம்ல. நீ என் கையப் புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போயிருக்க. பாதி ரோட்டுல எதேச்சயாக் குனிஞ்சு பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுச்சு, புடிச்சிருக்கன்னு."

மடியில் கிடந்த அவர் கையை எடுத்து, என் பலம் முழுவதும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன்.

"இப்ப?"

"நகத்த வெட்டு மொதல்ல" என்றார் அப்பா.